மிச்ச வரிகள்

செத்தவர்களைச் சுத்தமாக நீக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் சலேத்துக்கு வேலை. யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். கம்ப்யூட்டரில் டெஸ்டிங் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மீன் விலைக்கு மாற்றிவிடுவாள். தூத்துக்குடியில் மீன் விலையைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

கடல் ஊருக்குள் ஏறிப் பாதித் தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு அரசாங்கம் குடிப்பதிவு என்று ஒன்றை உண்டாக்கியிருந்தது. ஆளுக்கு ஒரு கோப்பு. ஒரு வீட்டில் இருப்பவர்களின் கோப்புகளெல்லாம் ஓர் உறைக்குள். வீடு, தண்ணீர், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த உறையை வைத்துத்தான். மேட்டு நகர் அடுக்குமாடிகளில் கதவுப் பூட்டுகூட அதைக் கேட்டுத்தான் திறக்கும். உறைக்குள் ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் வீடு அவருடையது. கடைசிக் கோப்பும் போனால் காலி உறையும் தானாகப் போய்விடும். வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்கு வீடு கிடைக்கும்.

இந்தக் கோப்புகளில் அரசாங்கத்தின் சார்பில் கை வைக்க அனுமதி பெற்ற ஒரே கருவிக்கு ஒட்டி என்று பெயர். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலையைச் செய்துவிட்டு ஒற்றை வரியில் பதில் சொல்லும். சலேத் வேலை பார்த்த கம்பெனிதான் அதைப் பராமரித்துவந்தது. மொத்தம் இருபது பேர், பழைய ஐஸ் பேக்டரிக்கு மேலே இரண்டாவது மாடி. கேன்டீன் என்ற பெயரில் ஒரு ஸ்டவ்வும் ஒரு பெஞ்சும் இருந்தன. இரண்டுக்கும் பேச்சியம்மாள் பொறுப்பு.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல தாயி," என்றாள் பேச்சியம்மாள் ஒருநாள், டீயை ஆற்றிக்கொண்டே. "மேட்டு நகர்ல சி பிளாக்கு பதினாலாம் நம்பரு எம் மக பேருக்கு ஆர்டர் ஆகிப் பதினாலு மாசமாச்சு. இன்னமும் தங்கையா பெரியவரு பேருலதான் பூட்டு கெடக்குங்காவ. அவரு செத்து ரெண்டு வருசமாச்சு. மால வாங்கிப் போட்டதே நாந்தான். செத்த மனுசன எடுக்கதுக்கு ஒங்க மிசினுக்கு என்ன நோவு?"

"செத்தவங்களுக்குக் கவர்மெண்டு ஒரு சீட்டு அனுப்பும் பேச்சியக்கா. இந்தக் கோப்புல இன்னின்ன வரி இருக்கு, எல்லாத்தையும் அடிச்சிருன்னு. ஒட்டி ஒவ்வொரு வரியா அடிச்சிட்டே வரும். கடைசில ஒண்ணும் மிஞ்சலைன்னா கோப்பையே எடுத்துரும்."

"மிஞ்சிச்சுன்னா?"

"ஒரு வரி மிஞ்சினாக்கூட எடுக்காது. சீட்டு எழுதுனவங்களுக்குத் தெரியாத என்னமோ ஒண்ணு இந்தக் கோப்புல இருக்கு, ஒருவேளை ஆள் மாறியிருக்கலாம்னு, அடிச்சதையெல்லாம் பழையபடி போட்டுட்டு ஒதுங்கிரும்."

"புத்தியுள்ள மிசினுதான்," என்று ஒப்புக்கொண்டாள் பேச்சியம்மாள். "ஆனா தங்கையாவுக்கு அப்படி என்ன மிஞ்சுது?"

சலேத்துக்குப் பதில் தெரியும். டீ சூடாக இருப்பதுபோல் ஊதி ஊதிக் குடித்தாள். பேச்சியம்மாளும் அவள் மகளும் மருமகனும் பேரப்பிள்ளையும் கடற்கரைச் சாலையில், முன்பு உப்பு மூட்டைகளை அடுக்கிவைத்துப் பிறகு கைவிடப்பட்ட கிட்டங்கி ஒன்றில் இருந்தார்கள். நாற்பது குடும்பத்துக்கு நடுவே சேலையை மறைப்பாகக் கட்டி, தரையில் தார்ப்பாய் விரித்து வாழ்க்கை. சுவரிலிருந்து இன்னும் உப்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குக் கால் முழுக்கப் புண்.

தங்கையாவுக்கு மிஞ்சியது அவருடைய மகன் சூரத்திலிருந்து மாதா மாதம் சேர்க்கும் ஒரு வரி. சீட்டு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, அன்றைக்குக் கோப்பில் உள்ளதைப் பார்த்து எழுதப்படும். ஒட்டி ஓடுவது ஐந்தாம் தேதி. நடுவில் உள்ள நாட்களில், நாட்டில் எந்தச் சேவைக் கூடத்திலும் போய், வீட்டு எண்ணையும் அந்த வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணையும் தட்டினால், உறையில் உள்ள பெயர்கள் வரும். அவர்களில் யார் கோப்பில் வேண்டுமானாலும் ஒரு தகவல் வரியைச் சேர்க்கலாம், அடுத்தவர் கோப்பைத் திறந்து படிக்கத்தான் முடியாது. செருப்பு அளவு எட்டு என்று எழுதினால் போதும். சீட்டில் அந்த வரி இருக்காது, கோப்பில் இருக்கும். செத்தவர் இன்னொரு மாதம் பிழைத்துக்கொள்வார்.

இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவளே சலேத்துதான்.

அவள் புருஷன் கிளிட்டஸ் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்கு பேரோடு கடலுக்குப் போனான். இரண்டு உடல்கள் மணப்பாடு பக்கம் ஒதுங்கின. வள்ளத்தின் பலகைகள் கொஞ்சம் கிடைத்தன. கிளிட்டஸ் கிடைக்கவில்லை. மாமியார் அன்னம்மாள் ஐந்து வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் செத்துப்போனாள். அவள் கோப்பை ஒட்டி மறுப்பேதும் சொல்லாமல் எடுத்தது. உறைக்குள் சலேத்தும் கிளிட்டஸும் மட்டும் மிஞ்சினார்கள். காணாமல் போய் ஏழு வருஷம் ஆனால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம். ஏழு வருஷம் முடிந்த மாதமே கிளிட்டஸ் பெயருக்குச் சீட்டு வர ஆரம்பித்தது. ஆள் நேரில் வந்து கலெக்டர் முன்னால் நின்றாலொழிய அந்தச் சீட்டு நிற்காது.

ஒரு வரி மிஞ்சினால் ஒட்டி என்ன செய்யும் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவள் அலுவலகத்தில் சோதித்திருந்தாள். எத்தனையோ பேர் தங்கள் தொழிலால் வீட்டுக்கு அரிசி பருப்பு கொண்டுபோகிறார்கள். அவள் இதைக் கொண்டுபோனாள். மீன்பிடித் துறைமுகத்துச் சேவைக் கூடத்துக்குப் போய், கிளிட்டஸ் வைத்துவிட்டுப் போன ரகசிய எண்ணைத் தட்டி, 'சட்டை அளவு நாற்பத்திரண்டு' என்று சேர்த்தாள். ஐந்தாம் தேதி ஒட்டியின் பதில் அவள் திரைக்கு வந்தது: உள்ளடக்கம் பொருந்தவில்லை. கோப்பை நீக்கவில்லை.

அன்றைக்கு டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அதன் பிறகு நாலு வருஷம், மாதம் ஒரு வரி. முப்பத்தாறு வயதில் போனவனுக்கு அவளாகவே வயது ஏற்றினாள். நாற்பத்து மூன்றில் படிக்கிற கண்ணாடி கொடுத்தாள். அடுத்த வருஷம் லேசாகச் சர்க்கரை கொடுத்தாள், பிறகு மனசு கேட்காமல் 'கட்டுப்பாட்டில் உள்ளது' என்று இன்னொரு வரி போட்டாள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் பேசிக்கொள்வதும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியோடு போகும்போது அவள் மட்டும் வெறுங்கையோடு போய் மாமியார் கல்லறையில் நின்றுவிட்டு வருவாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. கிளிட்டஸுக்குப் பின்னால் வேறொரு வள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்த ரெஜினா கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், சீட்டு வந்துவிட்டதென்று. சலேத்தால் பார்க்க முடியவில்லை. காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தாள். ரெஜினா தங்கச்சியிடம் சொன்னாள். தங்கச்சி பங்குக் கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள். இரண்டு வருஷத்தில் பஸ் ஸ்டாண்டு வாசலில் 'வரி சேர்த்துத் தரப்படும்' என்று போர்டு தொங்கியது. அப்புறம் கேரளம், ஆந்திரம், குஜராத்து வரைக்கும் போனது. புருஷனை விட மனசில்லாதவர்கள் நூறு பேர் என்றால், வீட்டை விட மனசில்லாதவர்கள் ஆயிரம் பேர். மேட்டு நகரில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் வீடுகள் செத்தவர்கள் பெயரில் பூட்டிக் கிடந்தன.

கம்பெனியின் தலைவர் வள்ளிநாயகம் ஒரு திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தியை உட்காரவைத்துத்தான் சொல்வார்.

"உக்காரும்மா. டிபார்ட்மெண்ட்ல இருந்து உத்தரவு வந்திருக்கு. ஒட்டியில புதுசா ஒரு ஆணை சேர்க்கணுமாம். மிச்சம்பாராதேன்னு பேர் வச்சிருக்கேன். சீட்டுல உள்ளத அடிச்சதுக்கு அப்புறம் எத்தனை வரி மிஞ்சினாலும் சரி, கோப்பை எடுத்துரணும்."

"உயிரோட இருக்கிறவங்களத் தப்பா எடுத்துட்டா சார்?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு. இல்லைங்கல. ஆனா கிட்டங்கில கெடக்கிறதும் உயிரோட இருக்கிறவங்கதான?"

சலேத் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்ப மிஞ்சுற வரியையாவது தனியா ஒரு கோப்புல எடுத்து வைப்போம் சார். நாளைக்கு ஒருத்தர் வந்து நான் சாகலைன்னு நின்னா, பாக்கறதுக்கு என்னமாவது வேணும்ல."

"எங்க வைப்ப? அந்த உறைக்குள்ள வச்சா உறை காலியாகாது, பூட்டு தெறக்காது. வெளிய வச்சா, நீக்கப்பட்டவங்க தகவல யாரும் வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம். துண்டு துணுக்குகூட இருக்கக் கூடாது. அதையும் நீதான் சோதிக்கணும்."

"எத்தனை வரி மிஞ்சுச்சுன்னு எண்ணிக்கையாவது காட்டட்டும் சார். இதுவரைக்கும் பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்லுது. ஒரு வரியா நூறு வரியான்னு தெரிய மாட்டேங்குது."

வள்ளிநாயகம் தாளில் குறித்துக்கொண்டார். "எண்ணிக்கைதான? அதுல தப்பில்ல. போடச் சொல்லுதேன்."

சோதனைக்காரி நினைத்தால் எந்தக் கருவியையும் எவ்வளவு காலமும் இழுத்தடிக்கலாம். அவள் இழுத்தடித்தாள். கற்பனையாக ஆட்களை உண்டாக்கி, கற்பனையாகச் சாகடித்து, கற்பனைச் சீட்டுகளை ஓட்டினாள். ஒரு வரி மிஞ்சிய கோப்பு, பத்து வரி மிஞ்சிய கோப்பு, ஏற்கெனவே காலியாக இருந்த கோப்பு, கோப்பே இல்லாமல் சீட்டு மட்டும் வந்த ஆள். தேதி எழுதும் முறையில் ஒரு குறை, உறையின் பெயரில் இடைவெளி இருந்தால் ஒரு குறை என்று தினம் ஒன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். அதற்குள் ஓர் ஐந்தாம் தேதி புது ஆணை இல்லாமலே கடந்துபோனது. கிளிட்டஸும் தப்பினான்.

அதற்கடுத்த வாரம் பேச்சியம்மாள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாவது நாள் வந்தவளின் கண்கள் வீங்கியிருந்தன.

"பிள்ளைக்குக் கால் புண்ணுல சீழ் வச்சு, காய்ச்சல் தலைக்கேறிருச்சு. பெரியாஸ்பத்திரில வச்சிருக்கோம். திரும்ப அந்த உப்புக்குள்ள கொண்டுபோனியன்னா கால எடுக்க வேண்டியதாப் போயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. நான் ஒன்னக் குத்தஞ் சொல்லல தாயி. ஒனக்கு என்ன தெரியும் பாவம்."

அவள் குற்றம் சொல்லியிருந்தால்கூடச் சலேத் தாங்கியிருப்பாள். ஒனக்கு என்ன தெரியும் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று மத்தியானம் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் எல்லாச் சோதனைகளையும் முடித்தாள். கடைசிச் சோதனையை அவளே எழுதினாள்: நீக்கிய பிறகு, கருவி தொட்ட எல்லா இடத்திலும் தேடு, நீக்கப்பட்டவரின் ஓர் எழுத்துகூடக் கிடைக்கக் கூடாது. ஏழு முறை ஓட்டினாள். ஏழு முறையும் எதுவும் கிடைக்கவில்லை. நல்ல வேலைக்காரியின் நல்ல சோதனை அது. 'தேர்ச்சி' என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

மாதம் பிறந்து மூன்றாம் தேதி, இனிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும், துறைமுகத்துச் சேவைக் கூடத்துக்குப் போனாள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. அவன் பெயரைத் தொட்டாள். இத்தனை நாள் எழுதியதெல்லாம் இட்டுக்கட்டியது. கடைசியாக ஒரு நிஜத்தை எழுதத் தோன்றியது. 'கருவாட்டுக் குழம்புக்குப் பழைய சோறு கேட்பார்' என்று எழுதினாள். இயந்திரம் வழக்கம்போல் ரசீது கொடுத்தது: ஒரு வரி சேர்க்கப்பட்டது. அப்படியே மாதா கோயிலுக்குப் போய், வரும் சனிக்கிழமை கிளிட்டஸ் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டாள். சாமியார் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு மேட்டு நகர் உட்பட ஊர் முழுமைக்கும் ஒட்டி ஓடியது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பதினோரு மணிக்குப் பேச்சியம்மாள் எவர்சில்வர் தூக்கில் கேசரியோடு வந்தாள்.

"தெறந்துட்டுது தாயி. மருமவன் போன் பண்ணுனாவ. பைப்புல தண்ணி வருதாம். பிள்ளைய ஆஸ்பத்திரில இருந்து நேரா அங்க கூட்டிட்டுப் போறோம்." அவள் சலேத்தின் கன்னத்தைத் தொட்டு விரல்களை முத்தமிட்டுக்கொண்டாள்.

கேசரியை வாயில் போட்டுக்கொண்டுதான் சலேத் அறிக்கையைத் திறந்தாள். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் செத்த வீட்டில் கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்காமல் யார் இருப்பார்கள்? தேடினாள். கிடைத்தது.

கிளிட்டஸ் பர்னாந்து. நீக்கப்பட்டது. மிச்ச வரிகள்: 2.

முதலில் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. தான் இரண்டு தடவை பொத்தானை அழுத்திவிட்டோமோ என்று நினைத்து ரசீதை எடுத்துப் பார்த்தாள். ஒரு வரி என்றுதான் இருந்தது. அரசாங்கம் ஏதும் சேர்த்திருக்குமோ என்று இந்த மாதம் போன சீட்டுகளின் பட்டியலைப் பார்த்தாள். நீக்கும் சீட்டைத் தவிர வேறெதுவும் அவன் கோப்புக்குப் போகவில்லை. கருவி தப்பாக எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கையை நூறு விதமாகச் சோதித்தவள் அவள்தான். அது தப்பாக எண்ணாது.

ரகசிய எண் மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமியார் செத்து ஆறு வருஷம் ஆகிறது. சலேத் அதை யாரிடமும் சொன்னதில்லை, ரெஜினாவிடம்கூட. மூன்றாவது ஆள் அந்த எண்ணை வைத்தவன்.

அறிக்கையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வள்ளிநாயகத்தின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு கோப்பைத் திரும்ப எடுக்கணும். முழுசா வேண்டாம். மிஞ்சின வரி ரெண்டு. அதுல ஒண்ணு என்னன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். யாருடைய கோப்பு என்று கேட்டார். அவள் சொன்னாள். நாலு வருஷமாகச் செய்ததையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"எங்கேருந்தும்மா எடுக்க? எழுத்துகூட மிஞ்சலைன்னு நீதான ஏழு தடவை பாத்து எழுதிக் குடுத்த."

"எங்கேருந்து போட்டாங்க, எந்த ஊர் சேவைக் கூடம்னாவது..."

"அதெல்லாம் அந்தக் கோப்புக்குள்ளதாம்மா இருந்திருக்கும்."

சலேத் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். போன மாதமும் இரண்டு வரி மிஞ்சியிருக்குமா? அதற்கு முந்தின மாதம்? நாலு வருஷமாக ஒட்டி பொருந்தவில்லை என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தான் எழுதிய வரிக்கு வந்த பதில் என்று நினைத்து மாதா மாதம் சந்தோஷப்பட்டாள். ரெஜினா காதில் சொன்ன தந்திரம் ஊர் ஊராகப் போய் அவன் காதிலும் விழுந்திருக்கலாம். எங்கோ ஓர் ஊரில், ஒரு சேவைக் கூடத்தில் வரிசையில் நின்று, அவனும் தன் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஏன் வரவில்லை? வர முடியவில்லையா, வரப் பிடிக்கவில்லையா? வேறு குடும்பம் இருந்தால்கூட அவளுக்குக் கவலை இல்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. பிறகு கவலை இருக்கிறது என்றும் தோன்றியது. கோபப்படலாம் என்றால், அவன் என்ன எழுதினான் என்று தெரியாமல் எதற்கென்று கோபப்படுவது?

சேவைக் கூடம் மூடுவதற்கு முன்னால் ஓடினாள். வீட்டு எண்ணைத் தட்டினாள், ரகசிய எண்ணைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. சலேத் மேரி.

அடுத்த மாதம் அவன் வந்து நின்று இந்த எண்களைத் தட்டினால் இதைத்தான் பார்ப்பான். தன் பெயர் இல்லை, பொண்டாட்டி பெயர் மட்டும் இருக்கிறது. இவள் விட்டுவிட்டாள் என்றுதானே நினைப்பான்? அது பொய்யும் இல்லையே. பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம் முடிங்கக்கா, கரண்டு போயிரும்," என்றான். எவர் கோப்பில் வரி சேர்க்க வேண்டும் என்று இயந்திரம் கேட்டது. அவள் தன் பெயரைத் தொட்டு, 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று எழுதினாள். ஒருவர் கோப்பை அவர் மட்டும்தான் திறந்து படிக்க முடியும். அதனால் அந்த வரியை அவன் பார்க்க வழியில்லை. ஆனால் சேர்க்க முடியும். இந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே கோப்பில், அவள் கோப்பில், அவன் நினைத்தால் ஒரு வரி எழுதலாம்.

சனிக்கிழமைப் பூசை நடந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் சாமியாரிடம் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. பேச்சியம்மாளின் பேரன் கால் ஆறி, சி பிளாக் வராந்தாவில் ஓடித் திரிவதாகச் சொன்னார்கள். கேட்டபோது அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

இப்போது மாதா மாதம் ஐந்தாம் தேதி சலேத் தன் கோப்பைத் திறந்து வரிகளை எண்ணுகிறாள். ஒன்பது மாதம் ஆகிறது. எல்லாம் அவள் எழுதியவைதான்.